மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வர்: எஃப்டிபி கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் ஆடிட்டருக்கு ஃபைல் அனுப்புவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "பழைய எஃப்டிபி சர்வர் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்" என்று ஒரு வரி எழுதினேன். எஃப்டிபி என்பது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பும் பழைய முறை. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. பெரும்பாலானவை நம் வடசென்னைப் பக்கத்திலிருந்தே வந்தவை. அச்சகம், கிளியரிங் ஆபீஸ், கன்டெய்னர் யார்டு என்று பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை ஃபைல் கைமாறாமல் ஒரு நாளும் நகராத தொழில்கள்தானே இங்கே அதிகம். சில கடிதங்களைச் சேர்த்தும் சுருக்கியும் இருக்கிறேன்.

ராயபுரம் வாசகர்: ஐயா, எங்கள் அச்சகத்தில் 2001-இல் ஒரு தம்பி லினக்ஸ் போட்டு எஃப்டிபி சர்வர் வைத்துக் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் டிசைன் ஃபைலை அதில்தான் போடுவார்கள். ஹார்டு டிஸ்க் மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறோம். கனெக்ட் ஆனதும் வு-எஃப்டிபிடி 2.6.0 என்று ஏதோ வரும். இன்றுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. மகன் உடனே தூக்கச் சொல்கிறான். ஓடுகிற ஒன்றை எதற்கு நிறுத்த வேண்டும்?

உங்கள் மகன் சொல்வதுதான் சரி, ஐயா. பிரச்சினை வரவில்லை என்பது வேறு, வந்தது நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது வேறு. எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். 2002 வாக்கில் தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை போய் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக் கொடுப்பேன். ஒருநாள் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவர்களுடைய ஃபைல் எல்லாம் சேர்த்தாலும் பாதி டிஸ்க்குக்கு வராது. தேடித் தேடிக் கடைசியில் பார்த்தால், வெளியாட்கள் ஃபைல் போடுவதற்காகத் திறந்து வைத்திருந்த ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர். அதன் பெயர் இரண்டு புள்ளி, அப்புறம் ஒரு ஸ்பேஸ், அவ்வளவுதான். யூனிக்ஸில் (லினக்ஸும் அந்தக் குடும்பம்தான்) எந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலும் ".." என்று ஒரு வரி எப்போதும் இருக்கும், அது மேல் ஃபோல்டரைக் குறிப்பது. அதனால் அதே மாதிரி இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யார் கவனிப்பார்கள்? உள்ளே முழுக்கத் திருட்டு சினிமாவும் திருட்டு கேம்களும். முகம் தெரியாத யாரோ இவர்களுடைய டிஸ்க்கைக் கிடங்காக வைத்து, இவர்களுடைய இன்டர்நெட் பில்லில் ஊருக்கெல்லாம் விநியோகம் செய்துகொண்டிருந்தார்கள். பூட்டை உடைத்து உள்ளே வந்ததல்ல இது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அந்த ஃபோல்டரை இரண்டுக்கும் திறந்து வைத்ததுதான் காரணம். போட வருகிறவருக்குப் போடும் அனுமதி மட்டும் கொடுத்து, படிக்கும் அனுமதியை எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த அலுவலகத்துக்கு மாதா மாதம் போய்வந்த நானே பல மாதம் பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

உங்களுடையது அதைவிட மோசமான நிலை. வு-எஃப்டிபிடி என்பதில் உள்ள "வு", அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம். அங்கே பெரிய ஃபைல் கிடங்கு ஒன்று வைத்திருந்தார்கள், உலகம் முழுக்க ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். அவ்வளவு கூட்டத்தைச் சமாளிக்க, பெர்க்லி யூனிக்ஸோடு வந்த சாதாரண எஃப்டிபி சர்வர் போதவில்லை. அதனால் அதை எடுத்து வசதிமேல் வசதியாகச் சேர்த்தார்கள். கேட்ட மாத்திரத்தில் ஃபோல்டரையே கட்டிச் சுருக்கித் தரும், வருகிறவர்களைத் தரம் பிரித்து இத்தனை பேருக்குமேல் வேண்டாம் என்று நிறுத்தும், வாசலில் வரவேற்பு வாசகம் காட்டும், வெளியிலிருந்து கமாண்டு கொடுத்தால் சில புரோகிராம்களைக்கூட ஓட்டிக் காட்டும். பிரமாதமான வேலை, உழைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸ் சிடிக்களில் அதுவே வந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்த ஒவ்வொரு வசதியும் ஒவ்வொரு வாசல் ஆயிற்று. 1993-இல், கம்ப்யூட்டர் பாதுகாப்பு எச்சரிக்கைகள் வெளியிடும் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு அதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. 1994-இல், அந்தப் புரோகிராம் ஓட்டும் வசதி வழியாக யாரும் ரூட் (மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஆகலாம் என்று இன்னொன்று. 1995-இல் லினக்ஸோடு வந்த பிரதிகளில் அதே வசதி தவறாக அமைக்கப்பட்டிருந்தது என்று மறுபடியும். 1999-இல் நீளமான ஃபோல்டர் பெயரால் வரும் ஓட்டை. 2000-இல் உங்கள் 2.6.0 பதிப்பின் ஓட்டை. 2001 நவம்பரில், ஃபைல் பெயருக்குப் பதிலாக "~{" என்ற இரண்டு குறியைக் கொடுத்தாலே உள்ளே தடுமாறும் ஓட்டை.

2.6.0 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2001 ஜனவரியில் "ராமென்" என்ற புழு (மெஷினிலிருந்து மெஷினுக்குத் தானே பரவும் புரோகிராம்) அதைத் தேடித்தான் வந்தது. ரெட் ஹேட் லினக்ஸின் 6.2, 7.0 பதிப்புகள் போட்ட மெஷின்களைத் தானே தேடிப் போகும். எஃப்டிபி கதவைத் தட்டினால் முதலில் வருமே, நீங்கள் எழுதியிருக்கிறீர்களே அந்த வரி, அதில் உள்ள தேதியைப் பார்த்தே இது எந்த ரெட் ஹேட் என்று முடிவு செய்யும். அப்புறம் அதற்குப் பொருத்தமான ஓட்டை வழியாக நுழையும், வலைப்பக்கத்தின் முகப்பை மாற்றும், அங்கிருந்து அடுத்த மெஷின் தேடும். நுழைந்த பிறகு வந்த ஓட்டையை அதுவே அடைத்துவிடும், வேறு யாரும் பின்னால் வந்துவிடக் கூடாது என்று! அதனால் "நம் மெஷினைச் சோதித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை" என்று அன்று நிம்மதி அடைந்தவர்களில் சிலர் ஏற்கெனவே மாட்டியவர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் ரவுட்டருக்குள் போய் எஃப்டிபிக்கான 21-ஆம் போர்ட்டை (இணைப்புகள் வரும் எண் போட்ட கதவு) அந்த மெஷினுக்குத் திருப்பி விட்டிருப்பதை எடுத்துவிடுங்கள், வெளியிலிருந்து அந்த வழியாக வருவது அந்த நிமிடமே நின்றுவிடும். அந்த மெஷினில் உள்ள வாடிக்கையாளர் ஃபைல்களைத் தனி டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஃபைல்களை மட்டும், புரோகிராம் எதையும் எடுக்க வேண்டாம். அந்த மெஷினில் வைத்த பாஸ்வேர்டையே பேங்க்கிலோ மெயிலிலோ வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அதைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாமா என்று யோசிக்கவே வேண்டாம். என்ன மாற்றப்பட்டது என்று உள்ளே இருந்தே கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஃபைல் பட்டியலைக் காட்டும் கமாண்டே மாற்றப்பட்டிருக்கலாம். புதிதாக எதை வைப்பது என்று கீழே வண்ணாரப்பேட்டை வாசகிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை, ஓய்வு பெற்ற வாசகர்: 1996-இல் விஎஸ்என்எல் இணைப்பு வாங்கி, பெயர் கேட்டால் "அனானிமஸ்" என்று அடித்து, பாஸ்வேர்டுக்கு மெயில் முகவரி கொடுத்து எத்தனையோ ஃபைல் எடுத்திருக்கிறேன். அன்று அதை யாரும் ஆபத்து என்று சொன்னதில்லையே. எப்படி இவ்வளவு திறந்து வைத்தார்கள்?

நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த மோடம் சத்தம் எனக்குக் காதில் கேட்டது. 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் ஆரம்பித்தது, அதற்கு அடுத்த வருஷமே நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள்!

திறந்து வைத்ததற்குக் காரணம் அது பிறந்த காலம். எஃப்டிபியின் முதல் வரைவை எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் 1971 ஏப்ரலில் எழுதினார். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுப் போனவர், நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அப்போது நெட்வொர்க்கில் இருந்த மெஷின்களை ஒரே தாளில் வரைந்துவிடலாம். எல்லாம் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும், எதிர்முனையில் இருப்பவர் யார் என்று அநேகமாகத் தெரியும். சின்னத் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருந்தபோது கதவைச் சாத்தாமல் கடைக்குப் போய்வந்தோமே, அதே நிலைதான். 1985-இல் வந்த வரைவுதான் இன்றும் அடிப்படை, அதிலும் பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே வெளிப்படையாகத்தான் வயரில் போகும். தெருவில் மாநகரமே வந்து குடியேறிவிட்டது, கதவு மட்டும் மாறவில்லை.

ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை என்பது மட்டும் சரியில்லை, நம் காதுக்கு வரவில்லை என்பதுதான் சரி. 1988 நவம்பரில் மோரிஸ் புழு இன்டர்நெட்டை முடக்கியதும் செர்ட் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரிலேயே அது வெளியிட்ட முதல் எச்சரிக்கை எஃப்டிபி சர்வர் ஓட்டையைப் பற்றியதுதான். அந்தக் காலத்தில் பெர்க்லி சர்வரில் பிரபலமாக இருந்த ஓர் ஓட்டையை மட்டும் சொல்கிறேன், கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். விருந்தாளியாக வருகிறேன் என்று பெயர் கொடுப்பார்கள். பாஸ்வேர்டு கொடுப்பதற்கு முன்பே, "ரூட்டின் வீட்டு ஃபோல்டருக்குப் போ" என்று ஒரு கமாண்டு. சர்வர், ரூட்டின் வீடு எது என்று பார்க்க உறுப்பினர் பட்டியலைப் புரட்டும். பிரச்சினை என்னவென்றால், புரட்டிய விவரத்தை வைக்க ஒரே ஒரு தட்டுதான், அதில்தான் விருந்தாளியின் விவரத்தையும் வைத்திருந்தது. இப்போது தட்டில் இருப்பது ரூட். அப்புறம் விருந்தாளி பாஸ்வேர்டைக் கொடுத்ததும், விருந்தாளிக்குத்தான் எந்தப் பாஸ்வேர்டும் செல்லுமே, சரி உள்ளே வா என்று தட்டில் இருக்கும் ஆளாகவே அனுப்பிவிடும். மூன்று வரியில் மெஷின் முழுக்கக் கையில். லாகின் முடியாமல் வேறு எந்தக் கமாண்டையும் காதில் வாங்காதே என்று ஒரு வரி எழுதாமல் விட்டதன் பலன்.

பெரம்பூர் வாசகர்: பஃபர் ஓவர்ஃப்ளோ, ஃபார்மட் ஸ்ட்ரிங் என்று யூடியூபில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. புரோகிராம் தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா? ஒரு ஃபோல்டர் பெயரை வைத்து எப்படி மெஷினைப் பிடிப்பார்கள்?

முயற்சி செய்கிறேன். மேலே ராயபுரத்து அச்சக ஐயா இருக்கிறாரே, அவர் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

பழைய பில் புத்தகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பெயருக்கு 20 கட்டம். அதை ஒட்டியே "அடுத்து என்ன செய்ய வேண்டும்" என்று முதலாளி எழுதி வைக்கும் கட்டம். பில் எழுதும் பையன் கட்டத்தை எண்ணுவதே இல்லை, சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போவான். ஒருவர் வந்து 60 எழுத்துக்குத் தன் பெயரைச் சொல்கிறார், 21-ஆவது எழுத்திலிருந்து அது முதலாளியின் கட்டத்துக்குள் போய் விழுகிறது, அந்த நீளப் பெயரின் வாலில் அவர் வைத்திருப்பது "பணப்பெட்டிச் சாவியை இவரிடம் கொடு". பையன் பில்லை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று அந்தக் கட்டத்தைப் படிக்கிறான். எழுதியிருப்பதைச் செய்கிறான். பஃபர் ஓவர்ஃப்ளோ அவ்வளவுதான். இந்தச் சர்வர்களை எழுதிய சி என்ற புரோகிராம் மொழியில் கட்டத்தை எண்ணும் வேலை புரோகிராம் எழுதுபவருடையது, மொழி தானாக எண்ணாது. 1999 பிப்ரவரியில் வு-எஃப்டிபிடி, புரோஎஃப்டிபிடி என்ற இன்னொரு எஃப்டிபி சர்வர் இரண்டுக்கும் சேர்த்து எச்சரிக்கை வந்தது இந்த வகையில்தான். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று நீளப் பெயர்களாக உருவாக்கிக்கொண்டே போனால், முழு முகவரி கட்டத்தைத் தாண்டிவிடும். விண்டோஸில் வார் எஃப்டிபி என்ற சர்வரின் 1.65 பதிப்பில் அவ்வளவு சிரமம்கூட வேண்டாம், லாகின் பெயரையே நீளமாகக் கொடுத்தால் போதும்.

ஃபார்மட் ஸ்ட்ரிங் வேறு மாதிரி. அச்சுக் கோர்ப்பவரிடம் கல்யாணப் பத்திரிகைக்கான தாளைக் கொடுக்கிறீர்கள். அச்சில் வர வேண்டியதும் அதில் இருக்கிறது, "இங்கே பிள்ளையார் படம்", "இந்த வரியைத் தடிமனாக" என்று அவருக்கான குறிப்புகளும் இருக்கின்றன. குறிப்பைக் குறிப்பாகவும் வாசகத்தை வாசகமாகவும் பிரித்தறிய ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல், தெருவில் போகிற ஒருவர் கொடுத்த வாசகத்தையும் குறிப்புத்தாளாகவே எடுத்துக்கொண்டால், "மேலே இருப்பதை அழித்துவிட்டு இதைப் போடு" என்று அவர் எழுதியதைக் கோர்ப்பவர் செய்துவிடுவார். சி மொழியில் சதவீதக் குறியும் பக்கத்தில் ஓர் எழுத்தும் வந்தால் அது குறிப்பு. அதில் ஒரு குறிப்பு நினைவகத்தில் எழுதவே செய்யும். 2000-இல் 2.6.0 சர்வர், வெளியாள் அனுப்பிய கமாண்டைத் திரும்பக் காட்டும்போது அதையே குறிப்புத்தாளாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன் வருஷக்கணக்கில் இந்த மாதிரி வரிகளைப் பார்த்தவர்கள் "அழகில்லாத கோடு" என்று மட்டும் நினைத்துக் கடந்தார்கள், ரூட் கொடுக்கும் ஓட்டை என்று பரவலாக உணர்ந்தது இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

சரி, ஏன் எப்போதும் ரூட்? இதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்களை ரூட் மட்டுமே திறக்க முடியும். எஃப்டிபிக்குக் கமாண்டு கேட்க 21, ஃபைல் அனுப்ப 20. 21-ஐ ஆரம்பத்தில் ஒருமுறை திறந்தால் முடிந்தது, ஆனால் 20 ஒவ்வொரு ஃபைலுக்கும் வேண்டும். ஆகவே நீங்கள் சாதாரண ஆளாக லாகின் ஆன பிறகும் சர்வர் ரூட் அதிகாரத்தை முழுக்கக் கீழே வைக்காது, சட்டைப்பைக்குள் வைத்திருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். அந்தச் சர்வரை ஏமாற்றி ஒரு வரி கமாண்டு ஓட்ட முடிந்தவர் செய்யும் முதல் வேலை அந்தச் சட்டைப்பைக்குள் கை விடுவதுதான். ஓட்டைகள் எல்லா மென்பொருளிலும் உண்டு. ஒரு சின்ன ஓட்டை வீட்டையே கவிழ்க்கும் அளவுக்கு அந்தச் சர்வர்களைக் கட்டியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பிறகு கிறிஸ் எவன்ஸ் என்பவர் விஎஸ்எஃப்டிபிடி என்ற புதிய எஃப்டிபி சர்வரை எழுதியபோது இதைத்தான் மாற்றினார். வெளியாளோடு பேசும் பகுதிக்கு எந்த அதிகாரமும் கிடையாது, அதிகாரம் உள்ள சின்னப் பகுதி தனியாக உள்ளே உட்கார்ந்து, கேட்கிற நாலைந்து விஷயத்தைச் சரிபார்த்து மட்டும் செய்து கொடுக்கும்.

திருவொற்றியூர், கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் வாசகர்: எங்கள் எஃப்டிபியில் ஓட்டை ஒன்றும் இல்லை, எல்லா அப்டேட்டும் போட்டாயிற்று. ஆனாலும் அதை வைத்து உள்ளே இருக்கும் மற்ற மெஷின்களைத் தட்டிப் பார்க்கலாம் என்று ஆடிட்டில் எழுதிவிட்டார்கள். எப்படி?

ஆடிட்டர் எழுதியது உண்மைதான், அதற்கு "பவுன்ஸ்" என்று பெயர். எஃப்டிபியில் ஃபைல் வேண்டும் என்று கேட்பவர், "இந்த முகவரியில் இந்த எண் கதவுக்குக் கொண்டுவந்து கொடு" என்று சொல்வார், சர்வர் அந்த முகவரிக்குத் தானே போய் இணைப்பு போடும். அந்த முகவரி கேட்டவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று பழைய வரைவில் கட்டாயம் இல்லை. வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லலாம், அதை ஒரு வசதியாகவே வைத்தார்கள்.

உங்களுக்குத் துறைமுகம் பக்கம் பழக்கம் இருக்குமே. கேட் பாஸ் இல்லாமல் நீங்கள் உள்ளே போக முடியாது. ஆனால் டீக்கடைப் பையனிடம் பாஸ் இருக்கிறது. "தம்பி, அந்த மூன்றாவது ஆபீஸில் இதைக் கொடுத்துவிட்டு வா" என்று அனுப்பினால், ஆள் இருக்கிறார், கதவு பூட்டியிருக்கிறது என்று வந்து சொல்வான். அப்படியே ஒவ்வொரு ஆபீஸாக அனுப்பினால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலே போட்டுவிடலாம், வாட்ச்மேன் நோட்டில் உங்கள் பெயர் எங்கும் இருக்காது. எஃப்டிபி சர்வர் அந்தப் பையன். 1995-இல் இதை விவரமாக எழுதி வெளியிட்டார்கள், 1997-இல் செர்ட் எச்சரிக்கை வந்தது, 1999 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 2577 என்ற இன்டர்நெட் ஆவணம் இதைத் தடுப்பது எப்படி என்று சொல்கிறது: 1024-க்குக் கீழுள்ள கதவைத் தட்டாதே. கேட்டவரின் முகவரியைத் தவிர வேறு முகவரிக்குப் போகாதே என்று வைப்பது இன்னும் நல்லது. இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் இயல்பாகவே மறுத்துவிடும், உங்களுடையதில் யாரோ அதை அனுமதித்து வைத்திருக்கலாம். செட்டிங்கில் பாருங்கள், ஒரு வரி மாற்றம்தான்.

மணலி வாசகர்: டிஎஃப்டிபி சின்னதுதானே, ஸ்விட்ச் கான்ஃபிகரேஷன் பேக்கப்புக்கு அதைத்தான் வைத்திருக்கிறோம். அது பரவாயில்லையா?

எஃப்டிபியின் எளிய வடிவம், சின்னதுதான், அதில் பெயரும் கிடையாது பாஸ்வேர்டும் கிடையாது. 1991-இலேயே அதன் வழியாகப் பாஸ்வேர்டு ஃபைலை எடுத்துப் போகிறார்கள் என்று செர்ட் எச்சரித்தது. ஸ்விட்ச் பேக்கப்பில் உங்கள் நெட்வொர்க் முழுக்க எழுதியிருக்கும். பேக்கப் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் ஓட விட்டு, முடிந்ததும் நிறுத்துங்கள், ஃபைலையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்விட்ச்சில் எஸ்சிபி (மறையாக்கம் செய்து ஃபைல் அனுப்பும் முறை) இருந்தால் அதற்கே மாறிவிடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி: எங்கள் கிளியரிங் ஆபீஸில் எஃப்டிபியை எடுத்துவிட்டு எஸ்எஃப்டிபி போடு என்கிறார் ஒருவர், எஃப்டிபிஎஸ் போடு என்கிறார் இன்னொருவர். எழுத்து இடம் மாறினால் என்ன ஆகிவிடும்? ஆபீஸில் எல்லா வேலையும் என் தலையில்தான், எளிமையாகச் சொல்லுங்கள் சார்.

எழுத்து இடம் மாறினால் முற்றிலும் வேறு பொருள், அம்மா. எஃப்டிபிஎஸ் என்பது அதே பழைய எஃப்டிபியை ஒரு மறையாக்க உறைக்குள் போட்டு அனுப்புவது. எஸ்எஃப்டிபி பெயரில் மட்டும்தான் சொந்தம், அது எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாகப் போகும் தனி முறை. எஸ்எஸ்ஹெச் ஏன் வந்தது தெரியுமா? 1994 பிப்ரவரியில், நெட்வொர்க்கின் நடுவே உட்கார்ந்து எஃப்டிபி, டெல்நெட் (தூரத்து மெஷினில் லாகின் ஆகும் பழைய முறை) பாஸ்வேர்டுகளை ஆயிரக்கணக்கில் உறிஞ்சுகிறார்கள் என்று செர்ட் எச்சரித்தது. அடுத்த வருஷம் ஃபின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கிலும் அப்படி நடக்க, அங்கிருந்த டாட்டூ யூலோனென் உட்கார்ந்து எஸ்எஸ்ஹெச்சை எழுதினார்.

உறிஞ்சுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. வீட்டில் இரண்டு மெஷினுக்கு நடுவே எஃப்டிபி ஓடும்போது நெட்வொர்க்கில் போவதை அப்படியே காட்டும் டிசிபிடம்ப் என்ற புரோகிராமை ஓட விட்டேன். என் பாஸ்வேர்டு, நான் ரொம்ப யோசித்து வைத்தது, முழுசாகத் திரையில் வந்து நின்றது. உடைக்கவில்லை, திருடவில்லை, சும்மா பார்த்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து எஃப்டிபியில் பாஸ்வேர்டு அடிக்க எனக்குக் கை வருவதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது எஸ்எஃப்டிபி. ஒரே ஒரு போர்ட் திறந்தால் போதும், ஃபயர்வாலோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனி லாகின் கொடுங்கள், ஒருவருடைய ஃபோல்டர் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது, முடிந்தால் பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாவி ஃபைல். வேலை முடிந்த பார்ட்டியின் லாகினை அந்த வாரமே எடுத்துவிடுங்கள். எதிர்த்தரப்பு எஃப்டிபிஎஸ்தான் வைத்திருக்கிறது என்றால் அதுவும் தப்பில்லை, ஆனால் வெறும் எஃப்டிபிக்கு இறங்கிவராதபடி செட்டிங் இருக்க வேண்டும். இன்னொன்று, பலர் மறப்பது: ஆபீஸில் ஜெராக்ஸ் மெஷின் இருந்தால் அதன் ஸ்கேன் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். "ஸ்கேன் டு எஃப்டிபி" என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அதற்காகவே ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் எஃப்டிபி ஓடிக்கொண்டிருக்கும், பாஸ்வேர்டு மெஷின் வந்த நாளிலிருந்து மாறியிருக்காது. பார்ட்டிகளின் ஆதார், பேன், பில் ஆஃப் லேடிங் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருக்கும். அதைக் கட்டாயம் இந்த வாரமே பாருங்கள். ஒருவேளை யாரோ உள்ளே வந்த அடையாளம் தெரிந்தால், அழித்துச் சுத்தம் செய்துவிட்டு யோசிக்காதீர்கள். 2022-இல் வந்த விதிப்படி, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, லேபில் மெட்டாஸ்பிளாய்டபிள் (பயிற்சிக்காகவே ஓட்டைகளோடு செய்த மெஷின்) போட்டு விஎஸ்எஃப்டிபிடி 2.3.4-ஐ உடைத்தோம். யூசர் பெயரில் ஒரு சிரிப்புக் குறி போட்டால் ரூட் கிடைக்கிறது. நீங்கள் பாதுகாப்பானது என்று புகழும் சர்வரில் இது எப்படி? வெளியில் உள்ள சர்வர்களிலும் முயன்று பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி: கூடாது. வெறும் சிரிப்புக் குறிதானே என்று தோன்றும், ஆனால் அனுமதி இல்லாத மெஷினில் அதை அடித்தால் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு வரும், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நம் பகுதியிலிருந்து கஷ்டப்பட்டுப் படித்து வருகிற ஒரு பிள்ளை இப்படி ஒரு வழக்கில் மாட்டினால் வேலைக்கான சரிபார்ப்பிலேயே எல்லாம் நின்றுவிடும். லேபில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்.

இப்போது சிரிப்புக் குறி. அது அந்தச் சர்வரை எழுதியவரின் பிழை அல்ல. 2011-இல், பதிவிறக்கத் தளத்தில் இருந்த 2.3.4 மூலநிரல் பொட்டலத்தை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். பெயரில் ":)" வந்தால் 6200-ஆம் போர்ட்டில் ரூட் வாசல் திறக்கும்படி சில வரிகள். ஜூலை தொடக்கத்திலேயே கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். பொட்டலத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்திருந்தால் அது பொருந்தவில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். இது புதிய தந்திரமும் இல்லை. 1994 ஏப்ரலில் வு-எஃப்டிபிடியின் 2.2, 2.1எஃப் பதிப்புகளின் சில பிரதிகளில் இதே போலக் கள்ள வாசல் வைத்திருந்தார்கள். 2010 கடைசியில் புரோஎஃப்டிபிடி 1.3.3சி-க்கும் அதே கதி, அவர்களுடைய விநியோகச் சர்வரிலேயே நுழைந்து மாற்றியது. ஃபைல் வழங்கும் சர்வரை எழுதுகிறவர்களின் ஃபைல் வழங்கும் சர்வரே பிடிபட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டமாக இருக்கும்.

டூலில் ஒரு பட்டனைத் தட்டி ரூட் வாங்கியதோடு நிறுத்திவிடாதே, அதில் நீ கற்றது குறைவு. வு-எஃப்டிபிடி 2.6.0 மூலநிரலைத் தேடி எடு, இன்டர்நெட் தொடர்பே இல்லாத விர்ச்சுவல் மெஷினில் வைத்துப் படி. மேலே சொன்ன புரோகிராம் ஓட்டும் வசதியான "சைட் எக்ஸெக்" கமாண்டைக் கையாளும் பகுதிக்குப் போ. அங்கே பயனர் அனுப்பிய கமாண்டைப் பதில் அனுப்பும் ஃபங்ஷனுக்கு நேராகக் கொடுத்திருக்கும் ஒரு வரி இருக்கும். அதற்கு முன்னால் "இது வெறும் வாசகம்" என்று சொல்லும் சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் இருந்திருக்க வேண்டும், இருக்காது. பேட்ச்சில் அந்த வரிக்குச் செய்த திருத்தம் அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்ததுதான். அந்த வரியை நீயே கண்டுபிடித்துவிட்டால், அதே ஃபைலில் அதே தப்பு வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து எனக்கு எழுது. அடுத்த இதழில் அதை வைத்தே பேசுவோம்.